கேபிள் நீலா காட்டிய நாடகம்

எர்ணாவூர்க் குடியிருப்பில் கேபிள் நீலாவைத் தெரியாதவர் யாரும் இல்லை. ஐந்தாவது பிளாக்கின் மொட்டை மாடியில் நின்ற டிஷ் ஆண்டெனா அவளுடையது. அந்தத் தொழிலைத் தொடங்கிய புருஷன் வேம்பு, நெல்லூர்ப் பக்கம் போய் வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். நீலா அழுதது ஒரு வாரம். பிறகு புடவைக்கு மேல் அவனுடைய பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, ஒயர் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு, கைப்பிடிச் சுவரில் ஏறிவிட்டாள். அவள் பிளாக்குக்குப் பிளாக் தாவியதைப் பார்த்து வெட்கப்பட்ட குரங்கு ஒன்று மீஞ்சூருக்கே குடிபெயர்ந்துவிட்டது என்பார்கள். குரங்கு போனது உண்மை. காரணம் வேறாகவும் இருக்கலாம்.

இருந்த ஒற்றை அறையில் பாதியை ரிசீவர் பெட்டிகள் பிடித்துக்கொண்டன. அவை விட்ட சூட்டில் மார்கழியிலும் அவள் வீட்டு இட்லி மாவு காலை அரைத்தால் மதியம் பொங்கி வழியும். அந்தப் பெட்டிகளோடு ஒரு கேசட் பிளேயரும் இருந்தது. குடியிருப்பில் யாருக்குக் காது குத்தினாலும், யாருக்கு மஞ்சள் நீராட்டினாலும், அந்த வீடியோ நீலாவின் லோக்கல் சேனலில் ஓடும். யார் எந்தச் சேலையை எத்தனையாவது தடவை கட்டியிருக்கிறாள் என்று ஊரே உட்கார்ந்து ஆராயும்.

ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் யாரும் லோக்கல் சேனலைச் சீண்ட மாட்டார்கள். அன்றுதான் ‘நாலாவது மணி’ என்ற துப்பறியும் தொடர் வரும். சென்னையில் ஒரு பள்ளிக்கூடம். பத்தாம் வகுப்புப் பையன்களை ஒரு கவுன்சிலர் முதலில் போஸ்டர் ஒட்டக் கூப்பிடுகிறார், பிறகு கொடி பிடிக்க, பிறகு உருட்டுக்கட்டை தூக்க. அதில் ஒரு பையன் செத்துப்போகிறான். பள்ளி மைதானத்தில் அந்தக் கவுன்சிலர் நிறுத்தியிருக்கும் ஜல்லி லாரிக்கு அடியில் அவன் செருப்பு கிடைக்கிறது. பெண் இன்ஸ்பெக்டர் ஒருத்தி விசாரிக்க வருகிறாள்.

“கொன்னது கவுன்சிலருதான். வெள்ள ஷூ போட்டுகினு திரியறவன் எவன் உருப்பட்டான்?” என்று மூன்றாவது பிளாக் தாயம்மா முதல் வாரமே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

இதில் ஒரு சங்கடம். அந்த வார்டின் நிஜக் கவுன்சிலர் சுப்புராஜும் வெள்ளை ஷூதான் போடுவார். அவருடைய மணல் லாரிகளும் குடியிருப்புக்குப் பின்னாலிருந்த பள்ளி மைதானத்தில்தான் நின்றன. டீக்கடையில் அவர் தலை தெரிந்தால், “டேய், இன்ஸ்பெக்டர் அம்மா வருது!” என்று யாராவது குரல் கொடுப்பார்கள்.

வியாழக்கிழமை அவர் நீலாவின் வாசலில் வந்து நின்றார்.

“இன்னா நீலா, அந்த நாடகத்த நீதான் போடறியா?”

“நான் எங்க அண்ணாத்தே போடறேன்? மேலேர்ந்து வருது. நம்ம தட்டுல வுழுது, ஒயருல ஓடுது.”

“நாளைக்கு வுழக்கூடாது. மழைன்னு சொல்லிடு.”

“வெயிலு மண்டையப் பொளக்குது அண்ணாத்தே.”

“உன் ஒயரு தொங்குதே கம்பம், அது உங்க நைனா நட்டதா? ஒரு ஆள உட்டன்னா அத்தினியும் சுருட்டிகினு வந்துடுவான். பக்கத்துத் தெரு ஜேக்கப்பு ஒயரோட ரெடியா கீறான், பாத்துக்க.”

நீலா கணக்குப் போட்டாள். தொடரைப் போட்டால் இவர் ஒயரை அறுப்பார். போடாவிட்டால் ஜனங்களே பக்கத்துத் தெருவில் கேபிள் நடத்தும் ஜேக்கப்பிடம் போய்விடுவார்கள். எந்தப் பக்கம் போனாலும் ஜேக்கப்புக்குத்தான் கொண்டாட்டம்.

“சரி, நிறுத்திடறேன். ஆனா டிவி சும்மா புள்ளி புள்ளியா நின்னா, ஜனம் மொத்தமும் இங்க வந்து பேஜாரு பண்ணும். அந்த நேரத்துக்கு வேற இன்னாத்தப் போடறது?”

சுப்புராஜ் மீசையைத் தடவினார். “நம்ம பள்ளிக்கூட ஆண்டு விழா கேசட்டு உன்கிட்டதான கீது? அதப் போடு. என் பேச்சு சோக்கா வந்துகீது.”

அந்தக் கேசட்டில் என்னென்ன இருக்கிறது என்று நீலாவுக்குத் தெரியும். அவர் கேட்கவில்லை, அவள் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை நாடகம் வரும் அதே நேரத்தில், அதே சேனலில், கேசட் ஓடியது. முதலில் பள்ளிக்கூட கேட். அடுத்து வரிசையாக லாரிகள். அடுத்து ஒரு ஜோடி வெள்ளை ஷூ. வீடியோக்காரன் பெரிய மனிதர்களைக் காலிலிருந்துதான் காட்டத் தொடங்குவான். கொஞ்ச நேரத்துக்கு ஒரு வீட்டிலும் சந்தேகம் வரவில்லை.

சுப்புராஜின் முகம் தெரிந்ததும், “இன்னாடி இது, வில்லன மாத்திட்டானுங்க!” என்று சிரித்தாள் தாயம்மா.

“இவன் அவன வுட நல்லா நடிக்கிறான்க்கா,” என்றது பக்கத்து வீடு.

“இந்தப் புள்ளைங்கதான் நாளைக்கி நம்ம கட்சியோட தூணுங்க!” என்று திரையில் முழங்கியது குரல். கேமரா பிள்ளைகள் பக்கம் திரும்பியது. மைதானத்தில் இடமில்லாமல் அவர்கள் லாரிச் சக்கரங்களுக்கு நடுவில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். தாயம்மா எழுந்து டிவிக்கு அருகே போனாள்.

“அடிப்பாவி, இது நம்ம சித்தார்த்து! லாரிக்கு அடியில குந்திகினு கீறான்டி, என் புள்ள!”

அந்த மைதானத்தைத் தினமும் கடந்து போனவள்தான் அவள். லாரி நிற்கிறது என்று பார்த்தாள், போனாள். டிவியில் பார்த்தபோதுதான், நாடகத்தில் செத்த பையனின் செருப்பு ஞாபகம் வந்தது. பிளாக் பிளாக்காகக் கதவுகள் திறந்தன. நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு தாய்மார்கள் சுப்புராஜ் வீட்டுக்குப் படையெடுத்தார்கள்.

சுப்புராஜ் மச்சான் குடும்பத்தைக் கூட்டிவைத்துத் தன் பேச்சைத்தான் ரசித்துக்கொண்டிருந்தார்.

“லாரிய எப்ப எடுக்கப்போற அண்ணாத்தே?” என்றாள் தாயம்மா.

“எந்த லாரி?”

“தோ, உன் டிவிலயே பின்னால வந்துகினு கீது பாரு.”

சுப்புராஜ் திரும்பிப் பார்த்தார். “அது… விழாவுக்குத் தோரணம் ஏத்தினு வந்த லாரிமா.”

“அத்தினி லாரிலயும் தோரணமா? எங்க, கடலுக்குக் கட்டப்போனியா?”

மறுநாள் காலை அவர் நீலாவின் வாசலில் மறுபடி நின்றார். கூட ஏணியோடு ஒரு ஆள்.

“எல்லாம் உன் வேலதான?”

“நீ சொன்ன கேசட்டு, நீ சொன்ன நேரம்.”

“ஒயர அறுக்கறேன் பாரு.”

“அறு அண்ணாத்தே,” என்றாள் நீலா. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். “நேத்து ஊரே பாத்தது லாரி உள்ள நின்னத. நீ நின்னு அத வெளிய அனுப்பறத யாரு பாக்கறது? வீடியோக்காரனுக்குச் சொல்லிட்டேன். மாலையும் சொல்லிகீறேன். தேர்தல் வேற வருதாமே? அதக் காட்டறதுக்கு ஒயரு வேணுமா, வேணாவா, நீயே சொல்லு.”

சுப்புராஜ் கம்பத்தைப் பார்த்தார். ஏணிக்காரனைப் பார்த்தார்.

“மாலை ரோஜாவா, சாமந்தியா?” என்றார்.

“ரோஜா.”

ஏணி திரும்பிப் போனது. ஞாயிற்றுக்கிழமை லாரிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ரோஜா மாலையோடு சுப்புராஜ் கையசைத்தார். அடுத்த வெள்ளிக்கிழமை முதலில் அதைப் போட்டுவிட்டுத்தான் நீலா ‘நாலாவது மணி’யைத் திறந்துவிட்டாள்.

அது முடிந்த மறுநாள் ஜேக்கப்பின் தெருவிலிருந்து நான்கைந்து பேர் வந்தார்கள்.

“எங்களுக்கும் ஒயரு இஸ்துக் குடுக்கா.”

“ஏன், ஜேக்கப்பு கிட்டயும் அதே நாடகம்தான வருது?”

“அதுல லாரி நின்ன எடத்துலயே நிக்குதுக்கா. உன் ஒயருல வர்ற நாடகத்துல லாரி வெளிய போவுதாமே, அதுதான் நல்லா கீதாம்.”

நீலா சட்டையை மாட்டிக்கொண்டு மாடிக்கு ஏறினாள்.