கருப்புப் பிடிக் கத்தி

கடையில் இன்று தொட்டுப் பார்த்த கத்திகளுக்குப் பச்சையும் சிவப்புமாகப் பிளாஸ்டிக் பிடிகள், எல்லாம் ஒரே வழவழப்பு. சின்ன வயதில் எங்கள் வீட்டில் காய் அரிகிற கத்திக்கு வேப்பமரப் பிடி, மஞ்சள் ஏறிச் சொரசொரவென்று இருக்கும். மீன் கத்திக்கு எருமைக் கொம்புப் பிடி, கருப்பாக, தொட்டால் குளிர்ந்து வழுக்கும்.

பெருமாள் கோயிலில் அன்னதானம் என்றால், தெருப் பெண்கள் அவரவர் கத்தியோடு போய், வெட்டாற்றங்கரையில் இருந்த கீற்றுக் கொட்டகையில் வரிசையாக உட்கார்ந்து, பூசணியும் வாழைக்காயும் குவியக் குவிய அரிவார்கள். இப்போது அங்கே கார்கள் நிற்கின்றன. ஒருமுறை அம்மாவின் கத்தியைத் துணியில் சுற்றி எடுத்துப் போனது நான்தான். அம்மா பிரித்தாள்; கருப்புப் பிடி தெரிந்தது. சாமி சோற்றுக்கு மீன் கத்தி என்று தெரிந்தால், அம்மாவை இனி யாரும் காய் அரியக் கூப்பிட மாட்டார்கள்.

பக்கத்தில் இருந்த செல்வி அத்தை பார்த்துவிட்டாள்.

“என்ன அண்ணி, பெருமாளுக்கு மீன் கொழம்பா?” என்று கிசுகிசுத்தவள், தன் கத்தியை அம்மாவிடம் தள்ளிவிட்டு, எங்கள் கத்தியைத் துணியோடு இழுத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். தீபாராதனை மணி அடித்ததும் கொட்டகையே எழுந்து கைகூப்பியது. அத்தை மட்டும் அசையவில்லை.

“முட்டி வலி, பெருமாளே” என்றாள் சத்தமாக.