மாரேட்பள்ளியில் ஏதென்ஸ்

சனத்நகரில் அரசுத் தொழிற்சாலை ஒன்றில் கொள்முதல் அதிகாரியாக இருந்த வைத்தீஸ்வரன், எழுபதுகளில் வெளிநாட்டுப் பயிற்சி முடிந்து திரும்பும் வழியில் ஏதென்ஸில் ஒரு பகல் தங்கினார். அந்த ஒரு பகலை வைத்துக்கொண்டே மீதி சர்வீஸை ஓட்டினார். மாரேட்பள்ளியில் கட்டிய வீட்டு வாசலில், உச்சியில் சுருள் வைத்த இரண்டு கிரேக்கத் தூண்களை நிறுத்தினார். காபிக்கு வந்தவர்கள் பாடம் கேட்காமல் நகர முடியாது.

"நம்ம கோயில்ல கண்ட கலரையும் அப்பிடறா. கிரேக்கன் வெள்ளையோட நிறுத்திண்டான். அதுதான் ரசனை."

அவர் டெல்லிக்கு டூர் போயிருந்தபோது, நவராத்திரி வருகிறதே என்று மனைவி கல்பகம் தூண்களுக்குக் காவியும் வெள்ளையுமாகப் பட்டை அடித்துவிட்டாள். திரும்பி வந்தவர் வாசலிலேயே குதித்தார்.

"ஏதென்ஸைக் கோயில் மதிலாக்கிட்டியேடி."

அன்று மாலையே, கல்லூரியில் வரலாறு நடத்தும் பழனிசாமி வந்தார். தூண்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"விஷயம் தெரிஞ்சவர் சார் நீங்க. கிரேக்கர்கள் கோயிலுக்கும் சிலைக்கும் சிவப்பு, நீலம்னு வர்ணம் பூசித்தான் வெச்சிருந்தாங்க. காலப்போக்குல அழிஞ்சு போய்த்தான் இப்ப வெள்ளையா நிக்குது."

வைத்தீஸ்வரன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அதான் ஊருக்குக் கிளம்பறச்சேயே இவகிட்ட சொல்லிட்டுப் போனேன்."

கல்பகம் காபியை வைத்தாள்.

"ஆமாம், சொன்னார். நீலத்தை மட்டும் அவரே அடிக்கறதா இருக்கார்."