ரூட்டர் விழுங்கிய இரண்டு விநாடி

எங்களுக்குக் கல்யாணமான பதினெட்டாம் நாள், சித்தூரில் என் மாமியார் தண்ணீர்த் தொட்டி அருகே வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். வேன் பிடித்துப் புத்தூர் கொண்டுபோய்க் கட்டுப் போட்டோம். மாமனார் இல்லை. மைத்துனர் வெளிநாட்டில் இருக்கிறார். ஆகவே என் மனைவி தன் அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சித்தூரிலேயே தங்கிவிட்டாள். நான் மட்டும் திருச்சானூரில் எங்களுக்காகப் பிடித்திருந்த மாடி வீட்டுக்குத் திரும்பினேன்.

பதினெட்டு நாளில் ஒருவரைப் பற்றி என்ன தெரிந்துகொள்ள முடியும்? அவள் சர்க்கரை இல்லாமல் காபி குடிப்பாள், ஈரத் தலையோடு ஃபேனுக்குக் கீழே உட்காருவாள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். போனில் பேசினால் இரண்டு நிமிடத்தில் சரக்கு தீர்ந்துவிடும்.

"சாப்ட்டியா?"

"ஆங், இட்லி. நீங்க?"

"சாப்ட்டாச்சி. அத்த கால் எப்டி?"

"பரவால்ல."

பிறகு, வைத்துவிடலாமா என்று யார் முதலில் சொல்வது எனக் காத்திருப்போம்.

ஆனால் ஆடும்போது அப்படியில்லை. பெண் பார்க்கப் போன அன்று ஐந்து நிமிடம் தனியாகப் பேசவிட்டார்கள். பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டேன். "அண்ணன் உட்டுட்டு போன கேம் பாக்ஸ் கீது. டிவில மாட்டி ஆடுவேன். அதெல்லாம் தெரியுமா உங்களுக்கு?" என்றாள். என் அறையிலும் ஒன்று இருந்தது. வீட்டில் யாருக்கும் சொன்னதில்லை. அன்றே எனக்குச் சம்மதம்.

அதனால் இப்போது தினமும் மாலை ஏழு முதல் எட்டு வரை, அவள் சித்தூரிலும் நான் திருச்சானூரிலும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஆடினோம். ஆட்டம் இதுதான்: ஆற்றில் ஒரு படகு. இடது துடுப்பு ஒருவருக்கு, வலது மற்றவருக்கு. இருவரும் சேர்ந்து போட்டால்தான் படகு நேராகப் போகும். பாறை வந்தால் கத்த வேண்டும். கத்துகிற சாக்கில் மற்றதும் பேசிவிடுவோம்.

தொல்லை லைனில் இருந்தது. நான் "பாறை!" என்று கத்தினால் இரண்டு விநாடி கழித்து அவள் துடுப்பு அசையும். அதற்குள் படகு உடைந்திருக்கும். நான் ஏதாவது வேடிக்கையாகச் சொல்வேன். ஒன்றும் வராது. நான் அடுத்த பேச்சுக்குப் போன பிறகு ஒரு சின்னச் சிரிப்பு வரும். மரியாதைக்குச் சிரிப்பவர்கள் அப்படித்தான் சிரிப்பார்கள். சில நாள் பேச்சுக்கு நடுவே ஆட்டமே என்னை வெளியே தள்ளிவிடும்.

இரண்டு மாதத்தில் கட்டைப் பிரித்தாயிற்று. மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். எப்போது வருகிறாய் என்று அவளைக் கேட்க வேண்டியதுதான் பாக்கி. கேட்க எனக்குப் பயமாக இருந்தது. அவள் உடனே பதில் சொல்லாவிட்டால், அது லைனின் தாமதமா அவளுடைய தயக்கமா என்று எனக்கு எப்படித் தெரியும்? போனில் கேட்டால் "பாக்கலாம்" என்று சொல்லி வைத்துவிடுவாள் என்றும் தோன்றியது. முதலில் லைனைச் சரிசெய்வது, பிறகு கேட்பது என்று முடிவு செய்தேன்.

எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான். நைனாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும். மருந்து அட்டை, உர மூட்டை, எம்.ஆர்.ஓ. என்கிற தாசில்தார் ஆபீஸ் கடிதம் என்று வீட்டுக்கு வந்த எழுத்தையெல்லாம் எட்டு வயதிலிருந்து நான்தான் உரக்கப் படித்தேன். அதனால் எழுதியிருப்பதை முழுக்கப் படித்தால் எதையும் சரிசெய்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கை. கம்பெனி பஸ்ஸில் ஸ்ரீசிட்டி போகும்போதும் வரும்போதும் ரூட்டரைப் பற்றியே படித்தேன்.

புரிந்தது இதுதான். நெட் லைன் கீழே வீட்டுக்கார ஆன்ட்டியின் ரூட்டருக்கு வருகிறது. அதிலிருந்து ஒரு வயர் மாடிக்கு வந்து என் ரூட்டரில் சேர்கிறது. இரண்டு ரிசப்ஷன் இருக்கிற லாட்ஜ் மாதிரி. என்னைத் தேடி வருகிற ஆளைக் கீழ் ரிசப்ஷன் ஒருமுறை நிறுத்தும், மேல் ரிசப்ஷன் ஒருமுறை நிறுத்தும். ரூம் நம்பர் தெரியாததால் திருப்பி அனுப்பிவிடும். என் ரூட்டரை வெறும் வழிவிடும் பெட்டியாக மாற்றி, கேம் பாக்ஸை வைஃபையிலிருந்து எடுத்து வயரில் மாட்டினேன். பாதி சரியானது. மீதி கீழே இருந்தது. ஆன்ட்டியின் ரூட்டருக்குள் போய் என் பெட்டிக்கு நிரந்தரமாக ஒரு நம்பர் கொடுத்து, அதற்கு வருவதை நிறுத்தாமல் அனுப்பச் சொல்ல வேண்டும். ஏழு மணிக்கு ஆன்ட்டியின் டிவி நெட்டை மொத்தமாக இழுக்கும்போது, பேச்சுக்கு முதலில் வழிவிடச் சொல்ல வேண்டும்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கீழே போய், ரூட்டரைக் கொஞ்சம் பார்க்க வேண்டும் என்றேன். ஆன்ட்டிக்குத் தாய்மொழி தெலுங்கு. என்னிடம் தமிழும் கலந்து பேசுவார்.

"ஏமி பாபு, எதுக்கு?"

"ஆபீஸ் வேலை ஆன்ட்டி. லைன் நிக்குது."

பொய். கல்யாணமான ஆண்பிள்ளை கேமுக்காகக் கேட்கிறான் என்று சொல்ல வாய் வரவில்லை.

ரூட்டருக்குள் போகத் தேவையான பாஸ்வேர்ட் அதன் அடியில் ஒட்டியிருந்த சீட்டில் இருந்தது. ஆனால் ஆயுத பூஜைக்கு ஆன்ட்டி மிக்ஸி, தையல் மிஷினோடு ரூட்டருக்கும் பொட்டு வைத்திருந்தார். எதிரே எரிகிற விளக்குகளை மறைத்துவிடக் கூடாது என்று அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு, அடிப்பக்கம் சந்தனத்தைப் பூசி மேலே குங்குமம் வைத்திருந்தார். பாஸ்வேர்டின் மேலேயே. ஈரத் துணியால் மெதுவாகத் துடைத்தேன். சந்தனத்தோடு எழுத்தும் கிளம்பி வந்துவிட்டது.

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். பின்னால் சின்ன ஓட்டையில் ஊசியை அழுத்தினால் அந்த வகை ரூட்டர் எல்லாவற்றுக்கும் பொதுவான பாஸ்வேர்ட் வந்துவிடும் என்று படித்திருந்தேன். ஆன்ட்டியிடமே தையல் ஊசி வாங்கி அழுத்தினேன். பாஸ்வேர்டோடு, நெட் கம்பெனி உள்ளே போட்டு வைத்திருந்த கணக்கும் அழிந்துபோனது. அந்த வரியை நான் படிக்கவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது. அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு மாடியில் ஆட்டம் இல்லை, கீழே சீரியலும் இல்லை.

"என்ன பாபு செஞ்ச?" ஆன்ட்டி படியில் நின்று கேட்டார். "ஆபீஸ் வேலைன்னு சொல்லி என் சீரியல சாவடிச்சிட்ட. இன்னிக்குதான் அந்த மாமியார்க்காரி மாட்டணும்."

"ஆபீஸ் வேலை இல்ல ஆன்ட்டி," என்றேன். ஏழு மணி ஆட்டம், படகு, இரண்டு விநாடி எல்லாவற்றையும் சொன்னேன். கேட்கப் பயந்த கேள்வியைக்கூடச் சொல்லிவிட்டேன்.

ஆன்ட்டி இன்னும் ஒரு படி ஏறி வந்தார். "பெள்ளாங்கூட, பொண்டாட்டிகூட பேசறதுக்கா இவ்ளோ? மொதல்லயே சொல்றதுக்கென்ன உனக்கு நோவு?"

மறுநாள் காலை நெட்காரரை அவரே போன் போட்டு வரவழைத்தார். நெட்காரர் ரூட்டரைத் திருப்பிப் பார்த்தார்.

"யார் சார் இதுக்கு ஊசி போட்டது?"

நான் கையைத் தூக்கினேன். அவர் கணக்கைத் திரும்பப் போட்டார். நான் எழுதி வைத்திருந்த காகிதத்தைக் காட்டி, இதையும் மாற்றித் தர முடியுமா என்று கேட்டேன். படித்துவிட்டுச் சிரித்தார். "என்ன சார், கேமுக்கா?"

நான் வாய் திறப்பதற்குள் ஆன்ட்டி உள்ளே இருந்து குரல் கொடுத்தார். "கேம் காதப்பா, கேம் இல்ல, பெள்ளாம்! அவன் கேக்கறத எல்லாம் போடு. ஆனா என் சீரியல் சுத்துச்சின்னா வயர புடுங்கிடுவேன், சொல்லிட்டேன்."

அன்று மாலை ஏழு மணிக்கு ஹெட்செட்டை மாட்டினேன். நான் கூப்பிடுவதற்கு முன்பே அவள் குரல் கேட்டது. காதுக்குள்ளேயே உட்கார்ந்து பேசுவதுபோல இருந்தது.

"ஏங்க, நேத்து ஏன் வர்ல?"

ஊசி போட்ட கதையைச் சொன்னேன். சந்தனம் என்று சொல்லும்போதே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். நான் சொல்லி முடிக்கும்வரை நிற்கவில்லை. அந்தச் சிரிப்பில் மூக்குறிஞ்சும் சத்தம் ஒன்று நடுவே வரும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

முதல் பாறையைத் தாண்டினோம். இரண்டாவதையும் தாண்டினோம். நான் துடுப்பை நிறுத்தினேன்.

"நீ எப்ப வர்ற?"

ஒன்றும் வரவில்லை. திரையின் மூலையைப் பார்த்தேன். லைன் சுத்தமாக இருந்தது. இந்த மௌனம் அவளுடையதுதான். காத்திருந்தேன்.

"ஏன் இவ்ளோ நாளா கேக்கல?" என்றாள்.

"நீ எதுக்கும் லேட்டாதான் பதில் சொல்வ. புடிக்கலையோன்னு நெனச்சேன்."

"நானா? நீங்கதான! நான் ஒண்ணு சொன்னா எவ்ளோ நேரம் கழிச்சி 'ஆங்'னு சொல்வீங்க. கட்டிக்கினோமேன்னு ஒப்புக்கு பேசறாருன்னு அம்மாகிட்ட சொல்லி அழுதுகினு இருந்தேன்."

அந்த இரண்டு விநாடி அவள் பக்கமும் போயிருக்கும் என்பது எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. எத்தனை பக்கம் படித்தேன்!

"வர்றேன்," என்றாள் அவளே. குரல் கம்மியிருந்தது. "ஆனா அம்மாவ தனியா உட்டுட்டு எப்டி வர்றது? அதான் வாயே வர்ல எனக்கு."

"அத்தையையும் கூட்டினு வா."

"மாடி ஏற மாட்டாங்க."

"கீழ் வீடா பாக்கறேன். இங்க நெறைய கீது."

இந்த முறை மூக்குறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது, சிரிப்பு இல்லாமல். பின்னால் மாமியார், "ஏண்டி அழற? என்னா சொன்னாரு?" என்று கேட்பதும், "ஒண்ணுல்லம்மா, நீ படு" என்று இவள் அதட்டுவதும் ஒரு விநாடிகூடப் பிந்தாமல் கேட்டன.

திரையில் படகு பாறையில் முட்டி முட்டித் திரும்பிக்கொண்டிருந்தது. இருவரும் துடுப்பைத் தொடவில்லை.

"எழுதிக்குங்க," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்ட குரலில். "பாத்ரூம் வழுக்காத தரையா இருக்கணும். உக்கார்ற டாய்லெட். வாசல்ல படி ஒண்ணுக்கு மேல கூடாது. டிவி ஒண்ணு போதும், ரெண்டு பேரும் அதுலயே ஆடலாம். அம்மா கட்டிலுக்கு பக்கத்துல ஜன்னல் வேணும், இல்லன்னா தூங்க மாட்டாங்க."

"இரு, பேனா எடுத்தாறேன்," என்று எழுந்தேன்.