ஓசையில்லாமல் ஓடிய அடக்கம்

வீடியோ தானாக ஓடலாம், சத்தம் மட்டும் நாம் தொட்ட பிறகே வர வேண்டும் என்று பிரவுசர் செய்கிறவர்கள் கூடி முடிவெடுத்திருக்கிறார்கள். மனித குலத்தின் காதுகளைக் காத்த மகத்தான முடிவு.

அது எங்கள் பாளையம்பட்டிக்கும் பொருந்தும் என்று இன்று தெரிந்துகொண்டேன்.

பக்கத்துக் கடை சேக் பாயின் மகன் சவூதியில் இறந்துவிட்டான். அடக்கத்தை நேரலையில் பார்க்க அங்குள்ள அவன் கூட்டாளிகள் ஒரு லிங்க் அனுப்பியிருந்தார்கள். பாய் என் கடைக் கம்ப்யூட்டருக்கு வந்தார்.

"இதுக்கு ஏதாச்சும் ஏத்தணுமாப்பா?"

"ஒண்ணும் வேணாம் பாய். தொறந்தாலே ஓடும்," என்றேன், நானே கண்டுபிடித்தது போல.

ஓடியது. மகனுக்காக ஓதும் துஆவுக்கு ஆமீன் சொல்ல, பாய் இரு கைகளையும் ஏந்தி உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் ஓத ஆரம்பிக்கலையோ?"

"அங்க மனசுக்குள்ளயே ஓதுவாக போல, பாய்."

மண் தள்ளி முடித்தார்கள். கூட்டம் கலையத் தொடங்கியது. பாயைத் தேடி வந்த அவர் மகள் திரையைப் பார்த்தாள்.

"அண்ணே, மூலையில ஸ்பீக்கர் மேல கோடு போட்டிருக்கே. அத அமுக்கலையா?"

அமுக்கினேன். வண்டி கிளம்பும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

நேரலையை யாரும் பதிவு செய்யவில்லை என்று அங்கிருந்து சொன்னார்கள்.