குனிவதற்கு மிஞ்சிய இரண்டு கணுக்கள்

என் முதுகுத்தண்டில் குனிவதற்கென்று மிஞ்சியிருப்பவை இடுப்புக்குச் சற்று மேலே உள்ள இரண்டு கணுக்கள் மட்டும்தான். அவற்றுக்கு மேலே இருப்பவற்றைப் பத்தாம் வகுப்பு முடித்த சித்திரை மாதத்தில், சென்னையில் ஒரு மருத்துவமனையில், இரண்டு கம்பிகளும் திருகாணிகளும் வைத்து ஒன்றாக இறுக்கிவிட்டார்கள். அதற்கு முன் என் முதுகு பக்கவாட்டில் நெளிந்து கிடந்தது. தாவணி போட்டால் ஒரு தோள் மேலேயும் ஒரு தோள் கீழேயும் தெரியும். ஆனி பிறந்து ஊர் திரும்பியபோது பழைய பாவாடைகள் கணுக்காலுக்கு மேலே நின்றன. அவ்வளவு உயரம் கூடியிருந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் தென்னங்கன்று மாதிரி நிமிர்ந்துவிட்டாள் என்றார்கள். என் முதுகைப் பற்றி ஊர் கடைசியாகக் கவலைப்பட்டது அப்போதுதான்.

எலும்புகள் ஒன்றோடொன்று வளர்ந்து ஒட்டிக்கொள்ளும், அதற்குப் பிறகு வலி இருக்காது என்று அன்று சொன்னார்கள். முதல் பாதி நடந்தது. இரண்டாம் பாதியும் முப்பது வயதுவரை நடந்தது. பிறகு ஒரு மார்கழியில், கோலம் போட்டுவிட்டு எழ முயன்றபோது, இடது தொடை வழியாகச் சூடாக ஏதோ இறங்கியது. வாய்க்கால் மடை திறந்தமாதிரி என்று அப்போது என் கணவரிடம் சொன்னேன். அந்த மடை அதன்பின் அடைபடவில்லை. இப்போது எனக்கு நாற்பத்தாறு.

வலி என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. தோள்பட்டைகளுக்கு நடுவில் இருப்பது ஈரமூட்டையின் கனம். இடுப்பில் இருப்பது கல் அரைபடுவது. காலில் இறங்குவது எரிச்சல். முதலிரண்டும் எப்போதும் உண்டு. மூன்றாவது தான் நினைத்தபோது வரும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அதிகமாகிறது என்று நானும் வெகுநாள் நம்பினேன். பங்குனி வெயிலிலும் அப்படியே இருந்ததால் அந்த எண்ணத்தைக் கைவிட்டேன். ஊரில் 'லைப்ரரியம்மாவுக்கு முதுகுல பிளேட்டு' என்பார்கள். சொல்லிவிட்டு, நேராக நிற்கும் முதுகைப் பார்த்து, "ஆனா பாத்தா ஒண்ணுமே தெரியலைங்களே" என்று முடிப்பார்கள்.

நன்னிலம் பக்கத்தில் ஒரு கிளை நூலகத்தில் வேலை பார்த்தேன். வரலாற்று நூல்கள் இருக்கவேண்டிய இடம் அடித்தட்டு. நான் அவற்றை இடுப்பு உயரத்துக்கு மாற்றி, சமையல் நூல்களைக் கீழே இறக்கியிருந்தேன். பார்வையிட வந்த அதிகாரி, "இது எந்த முறைப்படி அடுக்கினதும்மா?" என்று கேட்டார். என் முதுகின் முறைப்படி என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முதுகு தாங்காமல் போன ஆண்டு பங்குனியோடு வேலையை விட்டேன்.

எதையும் ஆண்டு, மாதம், கிழமையோடு தெரிந்துகொள்ளாவிட்டால் எனக்கு அது நடந்ததாகவே தோன்றாது. அந்தப் புத்திதான் என்னைக் கல்வெட்டில் கொண்டுபோய் விட்டது. நூலகத்துப் புத்தகங்களை வைத்து எழுத்துகளைப் பழகினேன். எங்கள் ஊர்ச் சிவன் கோயிலின் சுவரில் இருப்பதையெல்லாம் நின்றபடி படித்து முடித்தேன். சுவர் முடிந்த பிறகு அடிப்பகுதி. அங்கே வரிகள் முட்டி உயரத்தில் தொடங்கி மேலும் இறங்கிப் போயின. பிளாஸ்டிக் முக்காலியில் அமர்ந்து, பக்கவாட்டில் சாய்ந்து, இரண்டு கணுக்களின் தயவில் மூன்று ஆண்டுகள் படித்தேன். ஒரு பெண் விளக்குக்காக நிலம் கொடுத்தது, அதன் எல்லைகள், நீர் பாயும் வாய்க்கால் எல்லாம் கிடைத்தன. எந்த ஆண்டு என்பது மட்டும் கிடைக்கவில்லை. அது இருக்கவேண்டிய தொடக்கத் துண்டு, பிற்காலத்தில் கட்டிய மண்டபத் தூணுக்குப் பின்னால் போய்விட்டது. ஆனால் வடபுறத்தில், தரையை ஒட்டிய கடைசி வரியில், சுண்ணாம்புக்கு அடியில் 'யாண்டு' என்ற சொல் மங்கலாகத் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில், அரசனின் ஆட்சியில் அது எத்தனையாவது ஆண்டு என்ற எண் இருக்கும்.

வைகாசியில் தஞ்சாவூரில் முதுகெலும்பு மருத்துவரைப் பார்த்தோம். மேலே உள்ளவை அசையாததால் எல்லாப் பாரத்தையும் சுமந்து அந்த இரண்டு கணுக்களும் தேய்ந்துவிட்டன, அவற்றையும் இடுப்பெலும்போடு சேர்த்து இறுக்கிவிடலாம் என்றார்.

"வலி போயிருங்களா சார்?"

"குறையலாம். குறையாமலும் இருக்கலாம். நான் உறுதி சொல்ல மாட்டேன்."

"குனிய முடியுமா?"

"தொடைகிட்ட மடங்கலாம். முதுகு மடங்காது."

தை முடியட்டும் என்றேன். வெளியே வந்ததும் என் கணவர் கேட்டார்:

"தைக்கு அப்புறம்னா என்ன கணக்கு?"

"சம்பா அறுப்பு முடியட்டுங்க."

"அறுக்கப் போறது மிஷினு. நீ என்னமோ அருவாளும் கையுமா நிக்கப்போற மாதிரி சொல்ற."

காரணம் அந்த அடிவரிதான் என்று அவருக்குத் தெரியும். உரக்கடை வைத்திருப்பவர், கல்வெட்டில் ஆர்வமில்லாதவர், ஆனாலும் எனக்காக அந்த அடிவரியைக் கைப்பேசியில் படம் எடுத்துப் பார்த்தார். நான் நின்றுகொண்டு, "டார்ச்சச் சாய்ச்சுப் பிடிங்க, இன்னும் கீழ" என்று சொல்ல, அவர் மண்ணில் படுத்துப் புரண்டார். "எனக்கு எல்லாம் கோழி கெளறுன மாதிரிதான் இருக்கு" என்றார். படத்தில் வந்தது வெள்ளைத் திட்டு. சுண்ணாம்பைச் சுரண்ட வேண்டும். எது கோடு, எது கல்லின் வெடிப்பு என்று தெரிந்தவர்தான் சுரண்டலாம்.

ஆவணியில் கோயில் திருப்பணி தொடங்கியது. தையில் கும்பாபிஷேகம். மழையில் பிராகாரத்தில் தண்ணீர் நிற்பதால், மணல் கொட்டி உயர்த்திக் கல் பாவுவது என்று முடிவாயிற்று. அப்படிச் செய்தால் அடிவரி தரைக்குக் கீழே போய்விடும். சிங்கப்பூரில் பல காலம் இருந்துவிட்டு வந்து பயிர் செய்கிற ஒருவர்தான் திருப்பணிக் குழுத் தலைவர். அவரிடம் போய்ச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"எங்கம்மா போயிரப்போகுது. கல்லு உள்ளயேதான இருக்கும்?"

"இருக்கும்ணே. படிக்க முடியாது."

"இப்ப மட்டும் யாரு படிக்கிறா, உங்களத் தவிர?" என்று சிரித்தார். பிறகு, "வடக்குப் பக்கத்தக் கடைசியா வெச்சுக்கச் சொல்றேன். அதுவரைக்கும் பாத்துக்கங்க" என்றார். அவர் சொன்னபடியே செய்தார். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

நான்தான் நாளைக் கடத்தினேன். ஐப்பசி முழுக்க இடது கால் எரிந்தது. காலையில் கட்டிலை விட்டு இறங்குவதே ஒரு வேலையாக இருந்தது. கார்த்திகையில் ஒரு பிரதோஷத்தன்று, மறுநாள் வடபுறத்தில் மணல் கொட்டுகிறார்கள் என்று தெரிந்தது. அன்று மாலை போனேன். கணவர் கடையிலிருந்து இரண்டு காலிச் சாக்குகள் கொண்டுவந்து விரித்தார். அவர் பிடித்துக்கொள்ள, சுவரைப் பற்றி இறங்கி, குப்புறப் படுத்தேன். ஐப்பசிக்குப் பிறகு எனக்கு முடிந்தது நிற்பதும் படுப்பதும்தான், நடுவில் எதுவும் கிடையாது. கல்லைப் பாவ வந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

திருப்பணிக்காகச் சாமியை முன்கொட்டகையில் வைத்திருந்தார்கள். அங்கே கும்பிட்டுவிட்டுப் பெண்கள் வழக்கம்போல் சுற்றி வந்தார்கள். ஓர் அத்தை என் தலைமாட்டில் நின்றார்.

"லைப்ரரியம்மா, பொம்பளைங்க நெஞ்சு தரையில பட விழக்கூடாது. முட்டி போட்டு விழணும்."

"முட்டி போட்டா முதுகு மடங்கணும், அத்தை."

"நல்லாருக்கே. சாமிக்கே மடங்காத முதுகா?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். நான் கும்பிடவில்லை, படிக்கிறேன் என்றேன். அவருக்கு அது காதில் ஏறவில்லை. ஏதோ பெரிய வேண்டுதல் என்று முடிவு செய்துவிட்டார். கையிலிருந்த அகல்விளக்கை என் முகத்துக்குப் பக்கத்தில், தரையில் வைத்தார். "என்ன நெனச்சிட்டு இருக்கியோ, நடக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

டார்ச்சால் முடியாதது அந்த விளக்கால் முடிந்தது. தாழ்ந்த வெளிச்சத்தில் கோடுகள் நிழலோடு எழுந்தன. 'யாண்டு'. அதையடுத்துப் பத்தைக் குறிக்கும் எண். அதற்கும் அடுத்ததன்மேல் கெட்டியாகச் சுண்ணாம்பு. மூங்கில் குச்சியால் அதன் ஓரத்தைச் சுரண்டத் தொடங்கினேன். பார்ப்பதற்குத் தலையை உயர்த்தினேன். உடம்பில் மற்றதெல்லாம் இறுகிக் கிடக்கையில், அந்தச் சிறிய அசைவு முழுவதும் இடுப்பில் போய் விழுந்தது. என்ன நடந்தது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. தசை ஒரு முஷ்டியாக மூடிக்கொண்டது. மூச்சு விடுவதற்கே இடமில்லை. குச்சி கையில் இருந்தது, கை நகரவில்லை.

"தூக்கட்டுமா?" என்றார் கணவர்.

"தொடாதீங்க."

"எவ்வளவு நேரம் இப்பிடியே கெடப்ப?"

"அந்த எழுத்து மட்டும்" என்றேன். அவர் என் கையிலிருந்து குச்சியை வாங்கி, தானே சுரண்டுவதற்குக் குனிந்தார். எந்தக் கோடு என்று கேட்டார். சொல்ல வாய் வரவில்லை. குச்சியை அவர் வைத்துவிட்டார்.

கல் வேலைக்காரர்கள்தான் கான்கிரீட்டுக்கு வைத்திருந்த பலகையைக் கொண்டுவந்தார்கள். "அக்கா, பல்லக் கடிச்சிக்கங்க" என்று சொல்லி, சாக்கோடு சேர்த்து என்னைப் பலகைக்கு நகர்த்தினார்கள். உரமூட்டை ஏற்றும் லோடு ஆட்டோவில் வைத்துக் கொண்டுபோனார்கள். எங்கள் தெருவுக்கு இத்தனை வேகத்தடை எதற்கு என்று அன்றுதான் யோசித்தேன்.

மறுநாள் மணல் கொட்டினார்கள். தலைவர் வீட்டுக்கு வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். "நாள் குறிச்சாச்சும்மா, நிறுத்த முடியல" என்றார். "பரவால்லண்ணே" என்றேன். பத்திலிருந்து பத்தொன்பதுக்குள் அது எந்த ஆண்டாகவும் இருக்கலாம். எந்த அரசன் என்பதும் தெரியாமல், அதை ஓர் ஆண்டு என்று சொல்வதற்கில்லை.

கார்த்திகையின் மிச்சமும் மார்கழி முழுவதும் படுக்கைதான். ஊசி போட்டார்கள். மாத்திரையைக் கூட்டினார்கள். எழுந்து நடக்கிறேன், ஆனால் கார்த்திகைக்கு முன்பிருந்த நிலைக்குத் திரும்பவில்லை. திரும்பும் என்று யாரும் சொல்லவும் இல்லை. தையில் கும்பாபிஷேகத்துக்குக் கணவர் மட்டும் போனார். ஒலிபெருக்கியில் மந்திரமும், பிறகு நாயனமும், கூட்டம் எழுப்பிய சத்தமும் படுத்திருந்த எனக்குக் கேட்டன. அவர் பிரசாதத்தோடு வந்தார். படுத்தபடியே கொஞ்சம் சாப்பிட்டேன்.

"தரை எதுவரைக்கும் வந்திருக்கு?" என்று கேட்டேன்.

"வடக்குப் பக்கமா? அபிஷேகத் தண்ணி விழற கோமுகிக்குக் கீழ ஒரு சாண் விட்டிருக்காங்க. நல்லாத்தான் பாவியிருக்காங்க."

அப்படியென்றால் அடிவரி மட்டுமல்ல, அதற்கு மேலே நான் படித்து முடித்த இரண்டு வரிகளும் உள்ளே போய்விட்டன.

அவர் இலையை மடித்தார். "நம்ம வயலும் அறுத்தாச்சு" என்றார்.

"டாக்டருக்குப் போன் பண்ணுங்க" என்றேன்.

"என்னன்னு கேக்கட்டும்?"

"எந்தத் தேதி குடுத்தாலும் சரின்னு சொல்லுங்க."

அவர் கைப்பேசியை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனார்.