சூறாவளியின் வெள்ளைக் கை

வண்ணக்காரி செருப்பை மூன்று தடவை மாட்டி மூன்று தடவை கழற்றிவிட்டாள். காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பை அணைத்தோமா என்று பார்க்கப் போனவள், போன காரியத்தை மறந்து ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தாள்.

"ஏம்மா இப்படி அலையறே? நூலகத்துல பத்து நிமிஷம் பேசப்போறே, அவ்வளவுதானே!" என்றாள் மகள்.

அந்தப் பத்து நிமிஷம்தான் அவளை அலைய வைத்துக்கொண்டிருந்தது.

முப்பது வருஷம் அவள் ஒரு படக்கதைப் பத்திரிகையில் வேலை பார்த்தவள். ஓவியர் கறுப்பு மையில் வரைந்து தருவார். அதன் நகலில் எந்த இடத்துக்கு எந்த நிறம் என்று இவள் சிவப்புப் பேனாவால் எண் போடுவாள். அச்சுத்தகடு செய்பவர் அந்த எண்களைப் பார்த்து வேலையை முடிப்பார்; அவரை எல்லாரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். எண் இல்லாத இடம் வெள்ளை. அங்கே அதுதான் சட்டம்.

பத்திரிகையின் செல்லப்பிள்ளை சூறாவளி என்கிற பறக்கும் வீரன். இரண்டு கையிலும் நீலக் கையுறை. முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், ஓர் அட்டைப்படத்தில் வலது கைக்கு எண் போட்டவள் இடது கையை விட்டுவிட்டாள். அத்தனை பிரதிகளும் அச்சாகிவிட்டன. முதலாளி குதியோ குதியென்று குதித்தார், எண் போட்ட தாளைக் கொண்டுவரச் சொன்னார். சிவப்புப் பேனாவைத் தேட நேரமில்லை. கைக்குக் கிடைத்த பென்சிலால் விட்டுப்போன எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டாள். எண் இருந்தும் நிறத்தை விட்டுவிட்டார் என்று பழி அண்ணன் தலையில் விழுந்தது. அன்றைக்கே அவருக்குச் சீட்டுக் கிழித்துவிட்டார்கள்.

மறுவாரம் கடிதங்கள் வந்து குவிந்தன. 'அடிக்க நீலக் கை, தூக்கிவிட வெள்ளைக் கை, அப்படித்தானே?' என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். கிடைத்ததுதான் சாக்கென்று முதலாளி அதையே பிடித்துக்கொண்டு, இனி இடது கை வெள்ளைதான் என்று சொல்லிவிட்டார். பிள்ளைகள் ஒற்றைக் கையில் வெள்ளைக் காலுறையை மாட்டிக்கொண்டு மேஜையிலிருந்து குதித்தார்கள். தீயணைப்பு வீரர்கள் தங்கள் வண்டியில் வெள்ளைக் கை வரைந்தார்கள். வேலைநிறுத்தம் செய்த தையலாலைப் பெண்கள் ஒற்றை வெள்ளைக் கையுறையோடு ஊர்வலம் போனார்கள். ஒரு பேராசிரியர் தலையணை கனத்தில் ஆராய்ச்சிப் புத்தகமே எழுதிவிட்டார், பாவம். அந்தத் தப்பு மட்டும் நடக்காமல் இருந்திருந்தால் சூறாவளி எப்போதோ பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போயிருப்பான்.

யோசனை யாருடையது என்று கேட்டவர்களிடமெல்லாம், "எல்லாரும் சேர்ந்து யோசிச்சோம்" என்று மென்று விழுங்கினாள். இன்று அந்தக் கதையை மேடையில் சொல்ல வேண்டும். பென்சில் எண் போட்ட அந்தத் தாளையும் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்களாம்.

பேருந்தில் உட்கார முடியவில்லை. இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினாள். முகவரி அவளுக்கு இத்தனை வருஷமும் தெரியும். அதுதான் வெட்கக்கேடு.

கதவைத் திறந்த அண்ணன் அவளை அடையாளம் கண்டுகொண்டார். அவள் நின்றபடியே கொட்டித் தீர்த்தாள்.

"தப்பு என்னோடதுண்ணா. எண்ணை அப்புறமாத்தான் எழுதினேன்."

"தெரியும்."

"எப்படி?"

"நீ என்னைக்கு பென்சில்ல எழுதினே? முதலாளி தாளை நீட்டினதுமே கண்டுபிடிச்சிட்டேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமேண்ணா!"

"உன் சம்பளத்துலதான் உங்க வீட்டுல அடுப்பெரியுதுன்னு வாயை மூடிக்கிட்டேன். ஒரு வாரத்துல நீயே வந்து சொல்லுவேன்னு நெனச்சேன். அப்புறம் எந்த அச்சகத்துலயும் என்னைச் சேர்க்கல. எண் பார்க்கத் தெரியாதவன்னு பேராயிடுச்சு."

"என்னை மன்னிச்சிடுங்கண்ணா."

"எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்ட போய்ச் சொல்லு."

சொல்லிவிட்டு உள்ளே போனவர், சலவைச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

அரங்கம் நிறைந்திருந்தது. முன்வரிசைப் பிள்ளைகள் வெள்ளைக் கையுறையோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒலிவாங்கி முன்னால் போய் நின்றாள். வணக்கம் சொல்லக்கூட மறந்துபோய், முதல் வார்த்தையாக அவள் அண்ணனின் பெயரைச் சொன்னாள்.