இருபத்திரண்டு மணி நேர இடைவெளி

முதல் முறை வந்தபோது நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். வலது கட்டைவிரல் தானாகத் துடித்தது. அடுத்து எனக்குத் தெரிந்தது குளியலறைத் தரையின் ஈரமும், "ஏங்க, என்னப் பாருங்க" என்று கத்திய என் மனைவி செல்வியின் முகமும்தான். நடுவில் நான்கு நிமிடம் போனது என்று அவள் சொல்கிறாள். எனக்கு அந்த நான்கு நிமிடம் கிடையாது.

நான் நெய்வேலியில் நிலக்கரி கொண்டுபோகும் பெல்ட்டில் வேலை பார்த்தவன். ஓடும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் நான்கு நிமிடம் மிக நீளம். வலிப்பு நோய் என்று முடிவானதும் என்னைக் கட்டுப்பாட்டு அறையில் உட்காரவைத்தார்கள். ஷிப்டு மட்டும் பழையபடி மாறிக்கொண்டே இருந்தது. ஒரு வாரம் காலை ஆறு மணி, அடுத்த வாரம் பிற்பகல் இரண்டு, அதற்கடுத்து இரவு பத்து.

மாத்திரை காலையில் ஒன்று, இரவில் ஒன்று. அப்படியும் ஐந்து மாதத்தில் இரண்டு முறை விழுந்தேன்.

"ஒழுங்கா போடுறீங்களா?" என்றார் மருத்துவர்.

"ஒரு வேள விட்டதில்ல சார்."

"அப்ப இந்த மருந்து மட்டும் பத்தல. இன்னொண்ணு சேக்கணும். மறுபடி வந்தா, நீங்க வேலைக்கு ஃபிட்னு மைன்ஸுக்கு என்னால எழுத முடியாது."

செல்வி வீட்டுக்கு வந்து மாத்திரை அட்டையை எண்ணிப் பார்த்தாள். கணக்கு சரியாக இருந்தது. அப்போதும் அவள் முகம் தெளியவில்லை. அன்று அவள்மீது எனக்கு வந்த கோபத்தை மறைக்க விரும்பவில்லை.

புதிய மருந்து வாங்கப் போனபோது, மருந்தாளுநர் கீதா சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். என் மகள் வயதுதான் இருக்கும்.

"போட்டீங்களான்னு கேக்கல சார். எத்தன மணிக்குப் போட்டீங்க?"

"ஷிப்டு போறப்ப ஒண்ணு, வந்ததும் ஒண்ணு."

டவுன்ஷிப்பில் பாதிப் பேர் இதையேதான் சொல்வார்கள். எங்களுக்கு ஷிப்டு தொடங்கினால் பொழுது விடியும், முடிந்தால் அடையும். சாப்பாடு, தூக்கம், சண்டை எல்லாம் அந்தக் கணக்கில்தான்.

கீதா ஒரு தாளில் 'அரை ஆயுள்' (உடம்பில் உள்ள மருந்து பாதியாகக் குறையும் நேரம்) என்று எழுதினார். என் மாத்திரைக்கு அது ஏறக்குறைய ஏழு மணி நேரம். ஏழு மணி நேரத்தில் அரை, பதினாலில் கால், இருபத்தொன்றில் அரைக்கால். சிறுநீரகம் சரியில்லாதவர்களுக்கு மருந்து மெதுவாக வெளியேறும், கணக்கும் மாறும் என்றார். பேனாவை என்னிடம் நீட்டினார்.

"இப்ப நீங்களே போட்டுப் பாருங்க சார்."

காலை ஷிப்டு வாரத்தில் விடிகாலை ஐந்து மணிக்கு ஒன்று, பிற்பகல் மூன்று மணிக்கு ஒன்று. அடுத்த நாள் ஐந்து வரை பதினாலு மணி நேரம். கால் பங்கு மிஞ்சும். அதுவரை உடம்பு எப்படியோ தாங்கியிருக்கிறது. ஷிப்டு மாறும் நாளுக்கு வந்தேன். முந்தின நாள் மூன்று மணிக்குப் போட்டது. அடுத்தது வேலைக்குக் கிளம்பும் பகல் ஒரு மணிக்கு. விரல்விட்டு இரண்டு தடவை எண்ணினேன். இருபத்திரண்டு மணி நேரம். அரைக்கால்கூட இல்லை.

விழுந்த நாட்களைச் செல்வி வீட்டுக் காலண்டரில் வட்டமிட்டு வைத்திருந்தாள். இரண்டுமே ஷிப்டு மாறிய நாட்கள், இரண்டுமே உச்சிவேளை. நான் காட்டிய தாளையும் காலண்டரையும் அவள் மாறி மாறிப் பார்த்தாள். "நான் உங்கள சந்தேகப்பட்டுட்டேன்" என்றாள். எனக்கு அழுகை வந்தது.

மருத்துவர் தாளைப் பார்த்துவிட்டு இரண்டாவது மருந்தை நிறுத்திவைத்தார். "காலையில எட்டு, ராத்திரி எட்டு. எந்த ஷிப்டா இருந்தாலும். அடுத்து ஷிப்டு மாறுறப்ப என்ன ஆகுதுன்னு பாப்போம்."

இதைப் படிக்கும் நோயாளிகளுக்கு ஒன்று. அளவை நீங்களாக மாற்றாதீர்கள். நேரத்தை மட்டும் எழுதிக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஷிப்டு மாறும் நாள் வந்தது. செல்வி எதிரில் உட்கார்ந்து, நறுக்கிய பீன்ஸையே மறுபடி நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் மணி பார்த்தால், உள்ளே எவ்வளவு மிச்சம் என்றுதான் மனம் முதலில் எண்ணுகிறது. பன்னிரண்டு ஆனது. பன்னிரண்டரை. ஒன்று.

"சோறு போடவா?" என்றாள்.

எட்டு மணி மாத்திரை பாதிக்கு மேல் இருந்தது.

"போடு, ஷிப்டுக்கு நேரமாச்சு" என்றேன்.